"கை போகிறது, நான் போவதில்லை": மலையக ஓவியர் ஒருவரின் வறண்ட காலம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு, இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் இடைப்பட்ட பகுதியில் வாழும் ஓர் ஓவியர் வரைய முடியாமல் போன காலத்தைப் பற்றியது. 2023 ஒக்டோபர் முதல் 2025 மார்ச் வரை நடந்ததை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். எழுதி முடித்ததை அவரும் மனைவியும் வாசித்தார்கள். இரண்டு இடங்களை நீக்கச் சொன்னார்கள், நீக்கிவிட்டேன். தோட்டத்தின் பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் விட்டிருக்கிறேன்.

நான் வைத்தியன் அல்லன். பாடசாலைகளில் 26 வருடம் சித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவன். சாதாரண தரத்தில் அவர் என்னிடம் படித்தார். ஆகவே இதில் வரும் முடிவுகளில் பல என்னுடையவை. பிழையானவையும் என்னுடையவைதான்.

பின்னணி

அப்போது அவருக்கு 44 வயது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயனில் பிறந்தவர். தாய் ஓய்வு பெறும்வரை தேயிலைக் கொழுந்து பறித்தவர். தந்தை கவ்வாத்து வெட்டியவர், அதாவது தேயிலைச் செடிகள் மறுபடி துளிர்க்க அவற்றைக் கத்தரித்தவர், காலமாகிவிட்டார். ஓவியத்தில் பட்டம் எதுவும் கிடையாது. பதினேழு வயதில் டவுனில் பெயர்ப்பலகை எழுதும் ஒருவரிடம் சேர்ந்து எனாமல் பெயின்டில் எழுத்துப் பழகினார். பிறகு கோயில் சுவர்களில் தெய்வங்கள், முன்பள்ளிச் சுவர்களில் யானையும் முயலும் என்று போய், முப்பது வயதுக்குப் பிறகுதான் கன்வஸுக்கு வந்தார். மனைவி முன்பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகள். டவுனில் பலசரக்குக் கடை ஒன்றின் மேல்மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து வரைந்துவந்தார்.

2023ஆம் ஆண்டை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 வருடம் என்று அந்த ஆண்டு முழுவதும் நினைவுகூரப்பட்டது. முன்னோர் நடந்துவந்த பாதையில், ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையைச் சென்றடைந்த நடைபயணமும் அதில் ஒன்று. விழா மலர்களுக்கு அட்டைப்படம், மேடைக்குப் பதாகை, கலண்டர், வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டுக்கு மாட்டப் படம் என்று எல்லோருக்கும் ஓவியம் தேவைப்பட்டது. எல்லோருக்கும் தேவைப்பட்ட ஓவியமும் ஒன்றே: முதுகில் கூடை, தலையில் கயிறோடு கொழுந்து பறிக்கும் பெண், பின்னால் மலை, மேலே பனி. இதில் ஒரு முரண் உண்டு. 1823இல் வந்தவர்கள் காப்பிக்கு வந்தவர்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டது 1867இல்தான். அந்த முதல் நாற்பது சொச்ச வருடங்களில் கொழுந்துக் கூடை ஏது? இதை எந்த விழாக் குழுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் மட்டும் ஒருமுறை கேட்டாராம். "படம் அழகாக இருந்தால் போதும்" என்று பதில் வந்திருக்கிறது.

அவருடைய வேலைக் குறிப்புப் புத்தகத்தைப் பின்னர் இருவருமாகப் புரட்டினோம். அந்த ஒரு வருடத்தில் 31 வேலைகள். அவற்றில் 27 அதே பெண்.

கவனித்தவை

2023 ஒக்டோபரில் ஒரு தங்குவிடுதிக்காரர் நான்கு அடிக்கு மூன்று அடியில் ஒரு படம் கேட்டு, 20,000 ரூபாய் முற்பணம் கொடுத்தார். ஓவியர் வானத்தைப் போட்டார், மலைவரிசையைப் போட்டார், பனியைப் போட்டார். பெண் நிற்க வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டார். ஜனவரி கடைசியில் நான் பார்த்தபோதும் கன்வஸ் அப்படியே இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் பச்சையும் சாம்பலும் நிறைந்திருக்க, நடுவில் கூடையோடு குனிந்த ஓர் உருவத்தின் அளவுக்கு வெறும் வெள்ளை. யாரோ கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துப் போனது போல இருந்தது.

என்னிடம் முதலில் வந்தவர் மனைவி. "சேர், அவர் ஒன்பது மணிக்கு அறைக்குப் போகிறார், ஐந்து மணிக்கு வருகிறார். ஆனால் கையில் பெயின்ட் வாசம் இல்லை" என்றார். அறையில் என்ன செய்கிறார் என்று பின்னர் தெரிந்தது. கழுவிய தூரிகைகளை மறுபடி கழுவுவார். வர்ணக் குழாய்களை நிறவாரியாக அடுக்கிவைப்பார். கீழே இறங்கித் தேநீர் குடித்துவிட்டு வருவார். இரவில் இரண்டு மணிக்கு முன் உறக்கம் இல்லை. வர்ணக் கடையில் கடனும் இருந்தது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதி வர்ணத்தின் விலை எங்கே போனது என்பது இந்தத் தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

நான் போய்ப் பேசியபோது அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அன்றே குறித்துக்கொண்டேன். "கை போகிறது சேர், நான் போவதில்லை." அந்தப் பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு நிமிடத்தில் வரைய முடியும் என்றார். பக்கத்தில் கிடந்த ஒரு கடதாசியில் வரைந்தும் காட்டினார். ஒரு கோடு பிசகவில்லை. வரைந்து முடித்ததும் கடதாசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

முதல் முடிவுகள்

நான் முதலில் சொன்னது ஓய்வு. மூன்று வாரம் அறைப் பக்கமே போக வேண்டாம் என்றேன். இதற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். படைப்பு வேலைக்கு நான்கு கட்டங்கள் உண்டு என்று ஆங்கிலேய அறிஞர் கிரஹாம் வாலஸ் 1926இல் எழுதினார்: ஆயத்தம், அடைகாத்தல், ஒளி, சரிபார்த்தல். ஆசிரியர் பயிற்சியில் படித்தது. பிரச்சினையைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்தால் மனம் தானாக அடைகாக்கும் என்று நம்பினேன். நான் மறந்தது என்னவென்றால், அடைகாப்பதற்கு முட்டை வேண்டும். அவரிடம் அப்போது தீர்க்க வேண்டிய ஓவியக் கேள்வி எதுவும் இருக்கவில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டிய முற்பணம்தான் இருந்தது. உலையில் அரிசி போடாமல் அடுப்பை எரித்த கதை ஆயிற்று. மூன்று வாரமும் வீட்டில் கிடந்து கூரையைப் பார்த்தார். உறக்கம் இன்னும் கெட்டது.

இரண்டாவது யோசனை, நாளுக்கு ஒரு சிறு படம் வரைந்து கைப்பேசியில் நண்பர்களுக்கு அனுப்புவது. ஒன்பதாம் நாள் நின்றுபோனது. எந்தப் படத்துக்கு எத்தனை பேர் கைதட்டினார்கள் என்று எண்ணத் தொடங்கியவர், எட்டாம் நாள் கூடைக்காரியையே வரைந்து அனுப்பியிருந்தார். அதற்குத்தான் அதிகக் கைதட்டு.

மூன்றாவது, மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து. மாசி மாதத்தில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் காமன் கம்பம் நட்டிருந்தார்கள். சிறுவயதில் அவர் ரதி வேடம் கட்டியவர். தப்புப் பறையின் ஒலியைக் கேட்டால், கண்ணாடித் துண்டு பதித்த கிரீடங்களைப் பார்த்தால், உள்ளே ஏதாவது அசையும் என்று கணக்குப் போட்டு அழைத்துப் போனேன். மன்மதன் எரியும் கட்டம் விடியற்காலையில் வந்தது. பொட்டல் முழுக்கப் புகை, சனம், தப்பு. அந்த இரவுக்குப் பிறகு படங்கள் பொங்கி வந்தன என்று எழுத ஆசைதான். அவர் ஒரு மரத்தடியில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு உறங்கிவிட்டார். மூன்று மாதத்தில் அவர் ஒழுங்காக உறங்கிய முதல் இரவு அது என்று மனைவி பின்னர் சொன்னார். அந்த வகையில் மட்டும் பயன்.

இந்தக் காலத்தில் சந்தித்தவர்கள் எல்லோரும் அவரிடம் ஒரே ஆறுதலைச் சொன்னார்கள். கவ்வாத்து வெட்டிய செடி மொட்டையாகத்தான் நிற்கும், பிறகு துளிர்க்கும் என்று. கவ்வாத்துக்காரரின் மகனிடம் சொல்கிறோம் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஒருநாள் எரிச்சலோடு என்னிடம் சொன்னார்: "கவ்வாத்துக்கு நாள் குறிப்பவர் ஒருவர் இருக்கிறார் சேர். எத்தனை வருடத்துக்கு ஒருமுறை, எந்த உயரத்தில், எல்லாம் கணக்கு. என்னை யார் கணக்குப் பார்த்து வெட்டினார்கள்?"

வைத்தியசாலை

2024 மார்ச்சில் மனைவி மறுபடி வந்தார். இந்த முறை நின்றபடியே பேசினார். "நான் இல்லாவிட்டால் உங்களுக்குக் கடன் தொல்லையாவது முடியும்" என்று கணவர் சொன்னாராம். இதற்குப் பிறகு இதை ஓவியப் பிரச்சினையாகப் பார்த்துக்கொண்டிருப்பது தவறு என்று முடிவெடுத்தேன். தேசிய மனநல உதவி இலக்கம் 1926ஐ எழுதிக் கொடுத்தேன். இரவில் அவரைத் தனியே விட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையே மூவருமாக அரச வைத்தியசாலை ஒன்றின் மனநலப் பிரிவுக்குப் போனோம். ஜனவரியிலேயே போயிருக்க வேண்டும். உறக்கமின்மையைப் பற்றி மனைவி சொன்ன அன்றே.

வைத்தியர் ஓர் இளம் பெண். முக்கால் மணி நேரம் பேசினார். மனச்சோர்வு இருக்கிறது என்றார், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார், உறக்கத்துக்கு ஓர் ஒழுங்கைச் சொல்லிக் கொடுத்தார். சிகிச்சையின் மற்ற விவரங்கள் அவருடைய தனிப்பட்ட விடயம். ஆனால் அந்த அறையில் நடந்த ஒன்றை எழுதியாக வேண்டும். ஒரு படிவத்தை நிரப்பக் கொடுத்தார்கள். ஓவியர் அதை எடுத்து, கையை முழுதாக நீட்டி, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து வாசித்தார். வைத்தியர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "எப்போதிருந்து கடதாசியை இப்படித் தள்ளிப் பிடிக்கிறீர்கள்?"

அவருக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மனைவிக்குத் தெரிந்திருந்தது. "இரண்டு வருடமாக ஊசியில் நூல் கோர்ப்பது நான்தான்."

வெள்ளெழுத்து

நாற்பதைத் தாண்டினால் கண்வில்லை தன் நெகிழ்ச்சியை இழக்கத் தொடங்கும். கிட்டத்தில் இருப்பது மங்கும். பெரும்பாலானவர்களுக்கு வருவதுதான். அதற்கு வெள்ளெழுத்து என்று நம் தமிழில் அழகான பெயரே இருக்கிறது. அவருக்கு 1.50 அளவில் வாசிப்புக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள்.

கண்ணாடிக் கடையில் அதை மாட்டியதும் எழுத்து அட்டையைத் தந்து வாசிக்கச் சொன்னார்கள். அவர் அட்டையைப் பார்க்கவில்லை. தன் நகங்களைப் பார்த்தார். இடது கைப் பெருவிரல் நக இடுக்கில் பழைய நீல வர்ணம் ஒரு கோடாக இறுகிக் கிடந்தது. அதை வலது கை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். கடைப் பையன் அட்டையை நீட்டியபடி காத்திருந்தான்.

அன்று மாலை அவருடைய கைப்பேசியில் இருந்த பழைய படங்களை வருட வரிசையில் பார்த்தோம். 2019இல் வரைந்த பெண்களுக்கு விரல்கள் உண்டு. விரல்களில் கொழுந்துக் கறையும் வெடிப்பும் உண்டு. 2021இல் விரல்கள் சேர்ந்து கையுறை போலாகின்றன. 2022இல் முகங்கள் பக்கவாட்டுக்குத் திரும்புகின்றன. 2023இல் ஒருத்தியாவது நம்மைப் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் முதுகுதான். கண்ணுக்குத் தெரியாததைக் கை தவிர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. அதை அவர் பாணி என்று நினைத்திருக்கிறார். இன்னும் மோசம், நான் அதை முதிர்ச்சி என்று பாராட்டியிருக்கிறேன். ஒரு மலரில் "விவரங்களை உதறிய எளிமை" என்று எழுதியும் இருக்கிறேன். அந்தப் பக்கத்தை இப்போது பார்க்கப் பிடிக்கவில்லை.

கண்ணாடி வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. முதல் பத்து நாள் உற்சாகமாக இருந்தார். பிறகு அறையில் சாய்த்து வைத்திருந்த தன் படங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தார். தூரிகைத் தடங்கள் தெளிவாகத் தெரிந்தன. அவருக்கு அவை பிடிக்கவில்லை. முன்பு ஏன் வரைய முடியவில்லை என்று தெரியாமல் இருந்தது. இப்போது வரைந்ததே பிடிக்கவில்லை. ஏப்ரல் முழுவதும் அறை பூட்டிக் கிடந்தது.

பிரித்துப் பார்த்தது

மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. அந்த மழை நாட்களில் ஒரு பயிற்சிக் கொப்பியை வைத்துக்கொண்டு என் வீட்டில் உட்கார்ந்தோம். அதுவரை நாங்கள் இருவரும், ஊரும்கூட, வறட்சி என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மூடிவைத்திருந்தோம். அந்தச் சொல்லைக் கொப்பியில் எழுதக் கூடாது என்று அவரே சொன்னார். எழுதாமல் விட்டதும் அதற்குள் கிடந்தவை தனித்தனியாக வெளியே வந்தன. கண் ஒன்று, அது பார்த்தாயிற்று. உறக்கமும் மனச்சோர்வும் ஒன்று. அது வைத்தியரிடம் இருக்கிறது, எங்கள் கையில் இல்லை. கடன் ஒன்று. அந்தக் கூடைக்காரி ஒன்று.

கடனுக்கு எடுத்த முடிவு, மறுபடி பெயர்ப்பலகை எழுதுவது. இறங்கிப் போகிறோம் என்று முதலில் கூசினார். நான் வற்புறுத்தியதற்குக் காரணம் உண்டு. சம்பாத்தியம் ஓவியத்தின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தவரை, தூரிகையை எடுக்கும்போதே வாங்குபவரின் முகம் முன்னால் வந்து நின்றது. 1973இல் மார்க் லெப்பரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் அமெரிக்காவில் முன்பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஒரு பரிசோதனை நினைவுக்கு வந்தது. வரைவதில் ஏற்கெனவே விருப்பம் உள்ள பிள்ளைகள் அவர்கள். வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த பிள்ளைகள், பின்னர் தங்கள் பாட்டில் விளையாட விட்டபோது மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். நாற்பத்துநான்கு வயதுக் குடும்பஸ்தருக்கு இதை அப்படியே பொருத்த முடியாதுதான். அவருக்குப் பரிசு என்பது அரிசி. ஆனாலும் காசையும் படத்தையும் கொஞ்ச காலம் தனித்தனி அறையில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. எனாமல் எழுத்தில் அவர் கை இன்னும் நன்றாக ஓடியது. தங்குவிடுதிக்காரருக்கு மாதம் 5,000 ரூபாயாக நான்கு மாதத்தில் முற்பணத்தைத் திருப்பிவிட ஒப்புக்கொண்டார்கள். விடுதிக்காரர் வேறோர் ஓவியரிடம் கூடைக்காரியை வாங்கிக்கொண்டார்.

படங்கு

ஜூனில் அவர் தாயைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனார். தாய் இன்னும் பழைய லயனிலேயே இருக்கிறார். மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் உட்கார்ந்து மகன் பார்த்துக்கொண்டிருக்க, தாய் கேட்டாராம்: "நீ வரைகிற கூடையை இப்போது யார் சுமக்கிறார்கள், ராசா?" அந்த மலையில் ஒரு பிரம்புக் கூடைகூட இல்லை. எல்லோர் முதுகிலும் நைலோன் சாக்கு. பல வருடங்களாகவே அப்படித்தான். அவர் மாதம் ஒருமுறையாவது அந்த வாசலில் உட்கார்ந்தவர். பார்த்திருக்கிறார், ஆனால் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது தாயின் பழைய படங்கைக் கேட்டு வாங்கி வந்தார். மலைக்குப் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஈரச் செடியும் குச்சியும் உடம்பில் படாமல் இருக்க, இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை பெண்கள் சுற்றிக் கட்டும் முரட்டுத் துணி.

இதை வரையப்போகிறேன் என்று அவர் சொன்னபோது நான் மூன்று நிபந்தனை வைத்தேன். ஒரே பென்சில். மனித உருவம் வேண்டாம். முடியும்வரை யாருக்கும் காட்டக் கூடாது, எனக்கும்தான். நான்காவதை அவரே சேர்த்துக்கொண்டார்: உள்ள அளவிலேயே வரைவது. சுருக்கினால் தனக்குத் தெரிந்த வடிவத்துக்குக் கை ஓடிவிடும் என்றார். இதை நான் யோசித்திருக்கவில்லை. என் மூன்றையும்விட நல்ல நிபந்தனை அதுதான்.

படங்கு பெரிது, கடதாசி சிறிது. ஆறு தாள்களை ஒட்டவேண்டி வந்தது. அந்த மழையில் பசை காயவில்லை, தாள் நெளிந்தது, ஒரு மூலையில் பூஞ்சணம் புள்ளி வைத்தது. அதைத் துடைக்காமல் விட்டுவிட்டார். காலையில் பலகை எழுதுவார். மூன்று மணிக்குப் பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படங்கின் முன் உட்காருவார். இருபத்துமூன்று நாள் எடுத்தது.

முடிந்த பிறகு காட்டினார். இடுப்பில் முடிச்சு விழும் இடத்தில் துணி கயிறாக முறுகி, நூல் நூலாகப் பிரிந்திருந்தது. முன்பக்கம், செடியில் உரசும் உயரத்தில், ஒரு பட்டைக்கு மட்டும் துணி வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. அதற்கு மேலேயும் கீழேயும் சொரசொரப்பு அப்படியே. வலது பக்கம் ஓர் ஒட்டு. ஒட்டின் தையல் முதலில் நெருக்கமாகத் தொடங்கி, பாதியில் எட்டி எட்டி விழுந்திருந்தது. "இங்கே பிரட்டுக்கு நேரமாகியிருக்கும்" என்று அந்த எட்டிய தையல்களைப் பென்சில் முனையால் தொடாமல் காட்டினார். பிரட்டு என்றால் காலையில் வேலைக்கு முன் பேர் பதியும் கூட்டம். தாயின் உயரத்தை, வேலை செய்த செடியின் உயரத்தை, அவர் எந்தப் பக்கம் அதிகம் சாய்வார் என்பதைத் துணியே சொல்லியது. ஆள் இல்லை, மலை இல்லை, பனி இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. 2023இல் பாராட்டியதற்குப் பிறகு என் பாராட்டில் எனக்கே நம்பிக்கை குறைந்திருந்தது.

விளைவு

அதன் பிறகு தந்தையின் கவ்வாத்துக் கத்தி. கொழுந்து மட்டம் பார்க்கச் செடியின் மேல் வைக்கும் மட்டக்கம்பு. கொழுந்து நிறுக்கும் தராசின் கொக்கி. தாயின் ஒற்றைச் செருப்பு. 2024 டிசம்பர் வரை பதினேழு படங்கள், எல்லாம் உள்ள அளவில். நடுவில் இரண்டு முறை ஒரு வாரத்துக்கு மேல் நின்றுபோனது. இரண்டு முறையும் அவர் அதைப் பெரிதாகப் பேசவில்லை. வைத்தியரிடம் போவது தொடர்ந்தது. நவம்பருக்குப் பிறகு மாதம் ஒருமுறை என்று ஆனது. நவம்பரிலேயே வர்ணத்துக்கும் திரும்பினார். முதலில் தொட்ட நிறம், எதிர்பார்த்த பச்சை அல்ல. சாக்கின் அழுக்கு வெள்ளை.

வருமானம் குறைந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. பெயர்ப்பலகையில் வந்தது பழைய ஓவியங்களில் வந்ததைவிடக் குறைவு. கூடைக்காரி கேட்டு வந்த இரண்டு வேலைகளை அவர் மறுத்துவிட்டார், மனைவிக்கு அதில் முழுச் சம்மதம் இருந்தது என்று சொல்ல முடியாது. ஒன்றையாவது செய்திருக்கலாம் என்று இன்றும் மனைவி சொல்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

நடுவில் வெள்ளை விழுந்த அந்தக் கன்வஸை என்ன செய்வது என்று கொஞ்ச நாள் யோசித்தார்கள். கடைசியில் முழுவதுக்கும் வெள்ளையடித்து, உயிரெழுத்து பன்னிரண்டையும் எழுதி மனைவியின் முன்பள்ளியில் மாட்டிவிட்டார்கள்.

2025 மார்ச்சில் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படங்களை வைத்தார். கொழும்பில் 1993 முதல் நடக்கும் கலாபொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தைக்கு விண்ணப்பிக்கலாம் என்று நான் சொல்லியிருந்தேன், வேண்டாம் என்றுவிட்டார். மண்டபத்துக்கு வந்தவர்களில் பலர் கொழுந்தெடுக்கும் பெண்கள். படங்கின் முன்னால்தான் கூட்டம் நின்றது. முடிச்சு இடது பக்கம் விழுந்திருப்பது பிழை என்று ஒரு பெண் சொன்னார். இல்லை, இடக்கைக்காரிக்கு அப்படித்தான் விழும் என்று இன்னொருவர் சொன்னார். உன் அம்மா இடக்கையா என்று ஓவியரைக் கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தாயிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, ஆமாம் என்றார்.

மறுபடி நேர்ந்தால்

முதலில் உடம்பு. கண், உறக்கம், சாப்பாடு ஆகியவற்றை முதல் வாரத்திலேயே கேட்பேன். கலைஞன் என்றதும் உடம்பு இல்லாத பிறவி போல நடத்தும் பழக்கம் எனக்கும் இருந்திருக்கிறது. வீட்டில் ஊசிக்கு நூல் கோர்ப்பவரிடம் கேட்டிருந்தால் ஜனவரியிலேயே பதில் கிடைத்திருக்கும்.

ஓய்வு எடு என்று வெறுமனே சொல்ல மாட்டேன். ஓய்வில் எதை மனத்தில் வைத்துக்கொள்வது என்று சேர்த்துச் சொல்வேன், அல்லது சொல்லாமல் இருப்பேன். காமன் கூத்துக்கு இன்னமும் அழைத்துப் போவேன். அதிலிருந்து ஓவியம் வரும் என்று எதிர்பார்க்காமல்.

எது குணப்படுத்தியது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒற்றைப் பதில் இல்லை. சிகிச்சை, கண்ணாடி, கடன் தீர்ந்தது, படங்கு நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. படங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற மூன்றையும் விட்டுவிட்டு இந்தக் கதையைச் சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அது கேட்க நன்றாக இருக்கிறது, நடந்தது அப்படி அல்ல.

போன வாரம் தொலைபேசியில் பேசினார். பதினொரு நாளாக ஒரு படம் நகரவில்லையாம். கண்ணாடியின் அளவு மாறியிருக்குமோ என்று கேட்டேன். "முந்தாநாளே போய்ப் பார்த்துவிட்டேன் சேர். அது சரியாகத்தான் இருக்கிறது" என்றார். பிறகு தாய் படங்கைத் திருப்பிக் கேட்கிறார், விறகு மூட என்று சொன்னார். கொடுத்துவிடப் போகிறாராம்.